உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறு உழவர்களும்: விலக்கு யாருக்கு, சுமை யாருக்கு?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 உழவர்களைத் தொடவே தொடாது என்று அதிகாரிகள் கூறுகின்றனர். சிறு உழவர்களையும் வீட்டுத் தொழில் செய்வோரையும் சந்தையிலிருந்து விரட்டவே அது கொண்டுவரப்பட்டது என்று இயக்கத் தோழர்கள் கூறுகின்றனர். சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்தால் அதிகாரிகள் சொல்வது பெருமளவு சரி. தண்டத்தொகை ஆணைகளைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால், தோழர்களின் ஆத்திரமும் நியாயமாகவே படுகிறது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் எவ்வாறு உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சட்டப் பிரிவுகளின் துணையோடு விளக்க முயல்கிறோம்.

உழவர் என்று நாங்கள் இங்கே குறிப்பது பட்டா வைத்திருப்போரை மட்டுமன்று. அரசு ஒப்படை செய்த அரை ஏக்கரில் பயிரிடுவோர், வாய்மொழிக் குத்தகைக்கு உழுவோர், இரண்டு எருமைகளையும் நான்கு ஆடுகளையும் வைத்துப் பிழைக்கும் பெண்கள், விளைந்ததை இடித்தும் அரைத்தும் விற்கத் தொடங்கியிருக்கும் மகளிர் குழுக்கள் என அனைவரையும் சேர்த்தே சொல்கிறோம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்துவிட்டு, இப்போதுதான் தமக்கென விளைவிக்கத் தொடங்கியிருப்பவர்கள் இவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் அவர்களுடையவை ஏறத்தாழ 12 விழுக்காடுதான். பரப்பளவிலோ அவர்களின் பங்கு 9 விழுக்காட்டிற்கும் குறைவு. 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி எவ்வாறு கைமாறியது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை.

விலக்கு முடியும் இடம்

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், பழப்பொருள் ஆணை, இறைச்சி உணவுப்பொருள் ஆணை, பால் மற்றும் பால்பொருள் ஆணை முதலியவற்றை நீக்கிவிட்டு, அனைத்தையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததே 2006 சட்டம். அது 2011 ஆகஸ்டு 5 முதல் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் கலப்படம் என்றாலே குற்றவியல் நீதிமன்றமும் சிறையும்தான். புதிய சட்டத்தில் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறை இல்லை, தண்டத்தொகை மட்டுமே. அதனை விதிப்பவர் நீதிபதியல்லர். கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத தீர்ப்பளிக்கும் அலுவலர். தமிழ்நாட்டில் அவர் மாவட்ட வருவாய் அலுவலர்.

இச்சட்டத்தில் உழவருக்கான கேடயம் பிரிவு 18(3). உழவர், மீனவர், வேளாண் பணிகள், பயிர், கால்நடை, பண்ணை அளவில் உழவர் விளைவித்த பொருள் ஆகிய எவற்றுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. பிரிவு 3-இல் உள்ள 'முதன்மை உணவு' என்னும் வரையறையும் இதற்கு ஒத்துப்போகிறது. வயலிலும் கொட்டிலிலும் இயற்கையாகக் கிடைத்த பொருள், உழவர் அல்லது மீனவர் அல்லாத ஒருவரின் கைக்கு மாறிய பிறகே 'முதன்மை உணவு' ஆகிறது. உயிருள்ள கால்நடையும் அறுவடைக்கு முந்தைய பயிரும் உணவு என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டா. எனவே தம் தோட்டத்துக் கத்தரிக்காயைக் கூடையில் வைத்து விற்கும் உழவரிடம் யாரேனும் உணவு உரிமம் கேட்டால், அவர் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி ஒன்றுதான்: பிரிவு 18(3)-ஐப் படித்தீர்களா?

ஆனால் கத்தரிக்காயில் எவ்வளவு மிஞ்சும்? நெல்லை அவலாக்கினால், மிளகாயைத் தூளாக்கினால், கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தால்தான் குடும்பத்திற்கு நாலு காசு நிற்கிறது. விலக்கு முடியும் இடமும் அதுவே. அரைத்த கணத்தில் உழவர் 'உணவு வணிகர்' ஆகிவிடுகிறார். விளைபொருளை விளைபொருளாகவே, வியாபாரி சொல்லும் விலைக்கு விற்கும் வரை சட்டம் அவரைப் பார்ப்பதில்லை. அதற்கு மேல் ஒரு படி ஏற முயலும்போது பார்க்கிறது. நிலமும் முதலும் இல்லாதவர்கள் ஏறக்கூடிய படியும் அந்த ஒன்றுதான் என்பதே சிக்கல்.

அவ்வாறு ஏறுவோருக்கும் சட்டம் ஓர் எளிய வழியை வைத்திருக்கிறது. சிறு உற்பத்தியாளர், சிறு விற்பனையாளர், தலைச்சுமை வணிகர், தற்காலிகக் கடைக்காரர், குடிசைத் தொழில் செய்வோர் ஆகியோருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது பிரிவு 31(2). 2011 ஒழுங்குமுறைகள் இதற்கு வரம்புகள் வகுத்தன: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள், அல்லது நாள் உற்பத்தி 100 கிலோ அல்லது 100 லிட்டருக்குள், பால் கொள்முதல் என்றால் நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை, இறைச்சி என்றால் நாளொன்றுக்கு 2 பெரிய விலங்குகள், 10 சிறிய விலங்குகள் அல்லது 50 கோழிகள் வரை. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவு தரப்பட வேண்டும், அல்லது மறுக்கப்பட வேண்டும், அல்லது ஆய்வுக்கு ஆணையிடப்பட வேண்டும். ஆய்வு என்றாலும் 30 நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் தொழிலைத் தொடங்கிவிடலாம். இந்தக் கடைசி வரி பல அலுவலகங்களுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் சொல்லப்படுவதில்லை.

25 ஆயிரமும் 5 லட்சமும்

இங்கே ஓர் ஓட்டையைச் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். உரிமமின்றித் தொழில் செய்தால் தண்டனை விதிக்கும் பிரிவு 63, பிரிவு 31(2)-இன் கீழ் வரும் சிறு வணிகர்களை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. வாங்குபவர் கேட்ட தரத்தில் பொருள் இல்லாவிட்டால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என்று கூறும் பிரிவு 50-உம், சிறு வணிகருக்கு அது 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்புரையைச் சேர்க்கிறது. இவை இரண்டும் சட்டம் இயற்றியோர் சிறியவரை நினைவில் வைத்திருந்ததற்குச் சான்று.

ஆனால் நடைமுறையில் நோட்டீசுகள் பெரும்பாலும் இவற்றின் கீழ் வருவதில்லை. 'தரம் குறைந்த உணவு' பற்றிய பிரிவு 51-இன் கீழும், 'தவறான குறியீடு' பற்றிய பிரிவு 52-இன் கீழும்தான் வருகின்றன. முன்னதற்கு 5 லட்சம் வரை, பின்னதற்கு 3 லட்சம் வரை. இவ்விரண்டிலும் சிறு வணிகருக்கான 25,000 ரூபாய் வரம்புரை இல்லை. நாளொன்றுக்குப் பத்துக் கிலோ மிளகாய்த்தூள் அரைக்கும் மகளிர் குழுவும் பல மாநிலங்களில் ஆலை வைத்திருக்கும் மசாலா நிறுவனமும் சட்டத்தின் முன் அங்கே சமம். இந்தச் சமத்துவத்தை எங்களால் மெச்ச முடியவில்லை.

தப்பிக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தண்டத்தொகையை நிர்ணயிக்கும்போது ஈட்டிய ஆதாயம், பிறருக்கு ஏற்பட்ட இழப்பு, மீறல் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததா, அறியாமல் நிகழ்ந்ததா என்பனவற்றைக் கருத வேண்டும் என்று பிரிவு 49 கட்டளையிடுகிறது. சிறு உற்பத்தியாளர், தலைச்சுமை வணிகர் போன்றோரின் சிறு மீறல்களை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத தொகை பெற்று நியமன அலுவலரே முடித்துவைக்கப் பிரிவு 69 வழி செய்கிறது. குறையைச் சரிசெய்யக் கால அவகாசம் தரும் மேம்பாட்டு அறிவிப்புக்குப் பிரிவு 32 இடமளிக்கிறது. இவற்றைப் பயன்படுத்துமாறு எழுத்தில் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்?

சாம்பலில் தெரியும் சாதி

ஒரு வழக்கைச் சொன்னால் விளங்கும். அடையாளங்களைத் தவிர்த்துச் சொல்கிறோம். இராமநாதபுரம் பகுதியின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வறண்ட மண்ணில் மிளகாய் பயிரிட்டு, காயவைத்து, அரைத்து விற்றுவந்த ஒரு பட்டியல் சாதிப் பெண்கள் குழுவின் தூள் மாதிரியாக எடுக்கப்பட்டது. ஆய்வறிக்கையில் சாயம் இல்லை, செங்கல் தூள் இல்லை, வேறு எந்தக் கலப்படமும் இல்லை. அமிலத்தில் கரையாத சாம்பலின் அளவு மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தது. எனவே 'தரம் குறைந்தது'. எனவே பிரிவு 51.

அமிலத்தில் கரையாத சாம்பல் என்பது எளிய தமிழில் மண்ணும் மணலும்தான். மிளகாயைச் சாலையோரத்தில் காயவைத்தால் புழுதி ஏறத்தான் செய்யும். ஏன் சாலையில் காயவைத்தார்கள்? அந்த ஊரில் சிமென்ட் களம் இருக்கிறது. ஊரின் நடுவில், ஆதிக்கச் சாதியினர் வசிக்கும் பகுதியில் இருக்கிறது. பொதுப் பணத்தில் கட்டிய களம்தான். குடியிருப்புப் பெண்கள் அங்கே மிளகாயைக் கொட்ட முடியாது. கொட்டினால் என்ன நடக்கும் என்பது அனைவருக்கும் தெரியும். ஆய்வகத்தின் கருவி அளந்தது மண்ணின் அளவை. அது களத்திற்குச் செல்லும் உரிமையின் அளவும் ஆகும் என்று நாங்கள் வாதிட்டோம். பிரிவு 49-இன் கீழ் அதனைக் கருதியிருக்க வேண்டும். ஆனால் நாங்கள் வாதிட்டது மிகவும் பிந்திய கட்டத்தில்தான். ஆய்வறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யும் 30 நாட்கள் அதற்கு முன்பே கடந்துவிட்டிருந்தன. ஆங்கிலத்தில் வந்த அறிக்கையைக் குழுவினர் ஏதோ வங்கிக் கடிதம் என்று எண்ணி, கடன் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சட்டத்தில் எங்கும் சாதி இல்லை. பிறகு சாதி எவ்வழியே நுழைகிறது என்றால், தூய்மைக்குத் தேவையான பொருட்களின் வழியே நுழைகிறது. களம், தண்ணீர், வடிகால், சொந்த இடம், கூட்டுறவு உறுப்புரிமை ஆகியவை எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கின்றன என்று விதிகள் வைத்துக்கொள்கின்றன.

பதிவு பெறும் சிறு வணிகர்களுக்கான தூய்மை விதிகள் 2011 ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணையில், முதல் பகுதியில் உள்ளன. அவற்றின் முதல் நிபந்தனை, உணவு தயாரிக்கும் இடம் சுகாதாரமான பகுதியில், அசுத்தமான சுற்றுப்புறமின்றி அமைந்திருக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு நியாயமான நிபந்தனைதான். நம் சேரிகள் எங்கே அமைக்கப்பட்டன என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரின் சாக்கடை வடியும் தாழ்வான பக்கத்தில், சுடுகாட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் அருகில் ஒரு மக்களைக் குடியமர்த்திவிட்டு, அவர்கள் ஊறுகாய் போடும்போது சுற்றுப்புறம் சரியில்லை என்று குறிப்பெழுதுவது எந்த வகை நீதி? குடிநீர்த் தரத்திலான தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். அந்தத் தெருவில் ஒருவர் பலகாரத் தொழில் தொடங்கப் பதிவு கேட்டிருந்தால், தண்ணீர் பரிசோதனையில் யார் தோற்றவராகக் கருதப்பட்டிருப்பார்?

பால்: விலக்கின் வாசலில் சங்கம்

பால் உற்பத்தியில் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2011 உரிம ஒழுங்குமுறையில் பால் உற்பத்தியாளருக்கு ஒரு விலக்கு உண்டு. பதிவு பெற்ற பால் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருந்து, கறக்கும் பால் முழுவதையும் சங்கத்திற்கே ஊற்றுபவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படியானால் சங்கத்தில் இடமில்லாமல், வீடு வீடாகவோ தேநீர்க் கடைக்கோ பால் ஊற்றுபவர்? அவர் பதிவு செய்ய வேண்டும், அவருடைய பால் மாதிரிக்கு உள்ளாகும் என்றே துறை பொருள் கொள்கிறது.

இனி, சங்கத்தில் இடமில்லாமல் போவது யாருக்கு? கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட, ஊரக இந்தியாவில் தீண்டாமை குறித்த ஆய்வு 11 மாநிலங்களின் 565 கிராமங்களை எடுத்துக்கொண்டது. பால் கூட்டுறவுகளில் தலித்துகள் பால் ஊற்ற அனுமதிக்கப்படாத நிலையை, ஆய்ந்த கிராமங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் அது பதிவு செய்தது. நாட்டின் கிராமங்களில் பாதிக்கு அருகில் நிலைமை இப்படி இருந்தபோதுதான், அதன்பின் ஐந்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒழுங்குமுறை, விலக்கின் வாசலில் கூட்டுறவுச் சங்கத்தை நிறுத்தியது. உள்நோக்கத்தோடு செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதியவர்களுக்கு அந்தக் கிராமங்கள் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான். தீண்டாமையால் சங்கத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர், வெளியே நிற்பதாலேயே சட்டத்தின் கண்காணிப்புக்கு உள்ளாகிறார்.

இதில் சட்டப்படி வாதிட இடமுண்டு. பிரிவு 18(3) தாய்ச்சட்டம். ஒழுங்குமுறை அதன் பிள்ளை. தாம் வளர்க்கும் மாட்டில் கறந்த பாலை எதுவும் செய்யாமல் அப்படியே விற்பவர் உழவரே. பண்ணை அளவிலான விளைபொருளுக்குத் தாய்ச்சட்டம் தந்த விலக்கை ஓர் ஒழுங்குமுறை சுருக்க முடியாது என்பது எங்கள் நிலைப்பாடு. இதனை எழுத்துவழிப் பதிலில் முதல் பத்தியிலேயே எழுப்ப வேண்டும். கூடவே சங்க உறுப்புரிமை மறுக்கப்பட்டதையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அது தனியே ஒரு வன்கொடுமைப் புகாருக்கும் அடிப்படையாகும்: பிறருக்குத் திறந்துள்ள தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது, 2015 திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-இன் 'இசட்ஏ' உட்பிரிவின் கீழ்க் குற்றம்.

இறைச்சி

ஆடு வளர்ப்பவர் ஆட்டை உயிரோடு விற்கும்வரை இந்தச் சட்டத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் அறுத்துக் கூறு போட்டால் இருக்கிறார். அங்கீகரிக்கப்பட்ட இறைச்சிக் கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்கிறது விதி. கிராமங்களில் அப்படியொரு கூடம் பெரும்பாலும் இல்லை. அதனைக் கட்ட வேண்டியது உள்ளாட்சி. கட்டாத குற்றத்திற்குத் தண்டனை இல்லை. கட்டாத இடத்தில் அறுத்ததற்கு உண்டு. 2017-இல் உத்தரப் பிரதேச அரசு உரிமமற்ற இறைச்சிக் கடைகளை ஒட்டுமொத்தமாக மூடியபோது, அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்த இடத்தைத்தான் தொட்டது. சட்டவிரோதத்தைத் தடுப்பதோடு சட்டப்படி தொழில் செய்வதற்கான வசதியையும் அரசு உடன் செய்ய வேண்டும், அரசு தன் செயலின்மையையே தடைக்குக் காரணமாக்க முடியாது, உணவுத் தேர்வு வாழ்வுரிமையோடு தொடர்புடையது என்ற போக்கில் அந்த ஆணை அமைந்தது. சிற்றூர் இறைச்சி வணிகருக்காக வாதிடும் எவரும் அதனைப் படித்திருக்க வேண்டும்.

மாட்டிறைச்சி என்று வந்தால் சுகாதாரத்தின் பெயரைச் சொல்லவும் தேவையில்லாமல் போகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் அதனைப் பாகுபாடாகக் கருதி மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது.

பாதுகாப்பான உணவு நமக்கும் வேண்டும்

இவ்வளவும் சொல்வதால் உணவுப் பாதுகாப்பு விதிகளே வேண்டா என்பது எங்கள் கருத்தன்று. கலப்பட எண்ணெயும் காலாவதியான பொட்டலமும் முதலில் வந்து சேரும் கடை நம் தெருக்கடைதான். பாதுகாப்பான உணவு வாழ்வுரிமையின் பகுதி என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது நமக்கும் சேர்த்துத்தான். கேள்வி, விபத்து நேரும்போது யார் விலை கொடுக்கிறார்கள் என்பது.

1998 ஆகஸ்டில் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து, அறுபது பேர் அளவில் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அதன் பின் உதிரி எண்ணெய் விற்பனைக்குத் தடை வந்தது. உணவு எண்ணெய் பொட்டலமிடல் ஆணையும் அதே ஆண்டு வந்தது. பொட்டலமிடும் வசதி உள்ள பெரிய ஆலைகளுக்கு அதனால் இழப்பில்லை. தெருமுனையில் கண்முன்னே ஆட்டித் தந்த சிறு செக்குக்காரர்தான் மூடினார். 2011 ஒழுங்குமுறைகளும் உதிரி எண்ணெய்த் தடையைத் தொடர்ந்தன. மாநில அரசு பொதுநலன் கருதி விலக்களிக்கலாம் என்ற வரி மட்டும் உண்டு.

மற்றொரு காட்சி 2015-இல். மேகி நூடுல்சில் ஈயம் வரம்பை மீறியதாகக் கூறி ஜூன் 5 அன்று தேசிய ஆணையம் தடை விதித்தது. நெஸ்லே நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றது. விளக்கம் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு முரண், சோதித்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெறாதவை என்று கூறி ஆகஸ்டு 13 அன்று நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. தீர்ப்பில் எங்களுக்குக் குறையில்லை. அதே இரண்டு கேள்விகளையும் மிளகாய்த்தூள் குழு கேட்க முடியும் என்பதைத்தான் சொல்ல வருகிறோம். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் 2011-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு நவீனமயமாக்கல் சட்டத்தில், டெஸ்டர், ஹேகன் என்ற இரு செனட்டர்களின் திருத்தம் சேர்ந்தது. ஆண்டுச் சராசரி விற்பனை 5 லட்சம் டாலருக்குக் குறைவாக இருந்து, அதில் பெரும்பகுதியை நேரடியாக நுகர்வோருக்கோ, அதே மாநிலத்திலோ 275 மைல் தொலைவுக்குள்ளோ உள்ள உணவகம், கடைகளுக்கோ விற்கும் பண்ணைகளுக்குப் பெரும்பாலான நிபந்தனைகளிலிருந்து விலக்கு. அதைவிட நம் கவனத்துக்குரியது பிரிவு 209. உணவுப் பாதுகாப்புப் பயிற்சியிலும் தொழில்நுட்ப உதவியிலும் சிறு பண்ணைகளுக்கும், புதிதாக வேளாண்மைக்கு வந்தோருக்கும், சமூக வழியில் ஒடுக்கப்பட்ட உழவர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்ட வாசகமே பெயர் சொல்லிக் கூறுகிறது. கறுப்பின உழவர்களுக்குக் கடன் மறுத்ததற்காக அந்நாட்டு வேளாண் துறை 1999-இல் பிக்ஃபோர்டு வழக்கில் உடன்பாட்டுக்கு வர வேண்டியிருந்தது. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியிலேயே இத்தகைய சொற்கள் சட்டங்களில் இடம்பெற்றன. நம் சட்டத்தின் பிரிவு 5, தேசிய ஆணையத்தின் 22 உறுப்பினர் இடங்களில் உணவுத் தொழிலுக்கும், உழவர் அமைப்புகளுக்கும், நுகர்வோருக்கும் இடம் வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் என்ற சொற்கள் அங்கே இல்லை. வரைவு ஒழுங்குமுறைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வருகின்றன. கருத்துக் கூறவும் குறிப்பிட்ட நாட்களே உண்டு. அமைப்புகள் ஆளுக்கொரு மாணவரை அமர்த்தி அந்த வரைவுகளைத் தமிழில் சுருக்கிப் பரப்பலாம். இதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

சிறு உணவுத் தொழில்களை முறைப்படுத்தும் பிரதமர் திட்டம் 2020-இல் தொடங்கியது. திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்சமாக 10 லட்சம் ரூபாய் மானியம். சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க முதல். உலர்த்தும் கருவிக்கும் அரைக்கும் எந்திரத்துக்கும் இது உதவக்கூடும். ஆனால் மானியம் வங்கிக் கடனோடு பிணைக்கப்பட்டது. வங்கி எதைக் கேட்கும் என்பது தெரிந்ததே.

மாதிரி எடுக்கும் நாளில்

களத்தில் உள்ள தோழர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டும், எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். மாதிரி நான்கு பகுதிகளாக்கப்படும். அவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்புமாறு கேட்க விற்பவருக்குப் பிரிவு 47 உரிமை தருகிறது. அந்த இடத்திலேயே, அந்தப் படிவத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் பயனில்லை. இரு அறிக்கைகளும் மாறுபட்டால் மேல்நிலை ஆய்வகத்தின் முடிவே இறுதி. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். தாமதமானால் அது வாதத்திற்குரிய புள்ளி. அறிக்கை கைக்கு வந்த நாளை உறையின் மீதே எழுதி வையுங்கள். 30 நாட்கள் அதிலிருந்துதான் ஓடுகின்றன.

தீர்ப்பளிக்கும் அலுவலர் முன் நிற்க வழக்குரைஞருக்குப் பணமில்லை என்பது காரணமாக இருக்கக் கூடாது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987 பிரிவு 12-இன்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அச்சட்டத்தில் 'நீதிமன்றம்' என்ற சொல், நீதிமுறை அதிகாரம் செலுத்தும் அலுவலர்களையும் உள்ளடக்கும். எனவே மாவட்ட வருவாய் அலுவலரின் விசாரணைக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் வழக்குரைஞர் கேட்கலாம்.

புகார்களின் வழியே வரும் ஆய்வுகளைத் தனியே பார்க்க வேண்டும். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பகுதியில், அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர்; அவரை இடமாற்றம் செய்த ஆணை கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அங்கே தீட்டு என்பது வெளிப்படையாகப் பேசியது. சந்தையில் அது 'சுத்தமில்லை' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. இட்லிக் கடையோ பால் விற்பனையோ ஊரில் ஒருவருக்குப் பிடிக்கவில்லையென்றால், கடைக்கு வரவேண்டியதில்லை. ஒரு புகார் போதும். இதற்கு எதிராக உணவுச் சட்டத்தின் பிரிவு 39 அலுவலர் மீது நடவடிக்கைக்கு இடமளிக்கிறது: தகுந்த காரணமின்றித் துன்புறுத்தும் நோக்கில் பறிமுதல் செய்தால் ஒரு லட்சம் வரை தண்டத்தொகை. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அலுவலர் மீதான புகார் பொய் என்று முடிவானால், புகார் கொடுத்தவருக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். போதிய ஆவணமின்றி அந்தப் பிரிவை எடுக்க வேண்டா என்பதே எங்கள் அறிவுரை.

புகார் கொடுத்தவர் மீதான வழி வேறு. பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக அரசு ஊழியரிடம் பொய்யான தகவல் கொடுத்து, அவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தீங்கோ தொல்லையோ செய்ய வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-இன் 'க்யூ' உட்பிரிவின் கீழ்க் குற்றம். இதற்குப் புகாரின் நகல் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், தகவல் தந்தவரின் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெயரை மறைப்பார்கள். அப்போதும் புகாரின் உள்ளடக்கம், அது வந்த தேதி, அதன் மீது எழுதப்பட்ட குறிப்பு, அதே மாதத்தில் அதே சந்தையில் வேறு எத்தனை கடைகளில் மாதிரி எடுக்கப்பட்டது என்ற பட்டியல் ஆகியவற்றைக் கேட்க முடியும். கடைசியாகச் சொன்ன பட்டியலைத் தவறாமல் கேளுங்கள். ஒரே வரிசையில் இருக்கும் பத்துக் கடைகளில் ஒன்றில் மட்டும் மாதிரி எடுக்கப்பட்டிருந்தால், அடுத்த விசாரணையில் முதலில் தாக்கல் செய்ய வேண்டிய ஆவணம் அதுதான். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.